இரு வகை நூல்

நெசவாளருக்கு நூல் என்பது பாவும் ஊடையும். கற்றோருக்கு நூல் என்பது ஏடு. பஞ்சிலிருந்து இழை எடுப்பதையும் சொல்லிலிருந்து செய்யுள் இயற்றுவதையும் ஒன்றோடொன்று உவமித்துக் காட்டிய நன்னூலாரை நம் அங்கத்தினர்கள் அனைவரும் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் முதல் வகை நூலைத் துல்லியமாக அறிந்த ஒருவர் இரண்டாம் வகை நூலைத் தொடாது விட்டால் அவரை நம்பிய சங்கத்திற்கு என்ன நேரும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். அதனையே ஈண்டுச் சொல்லப் புகுகிறோம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். நிர்வாகக் குழுக் கூட்டம் முடிந்து, தீர்மானப் புத்தகம் தலைவர் முன் வைக்கப்பட்டது. காரியதரிசி ஓரிடத்தில் விரலை வைத்தார். தலைவர் அவ்விடத்திற் கையெழுத்திட்டார். விரல் அடுத்த பக்கத்திற்கு நகர்ந்தது, கையெழுத்தும் பின்தொடர்ந்தது. இவ்வாறு ஆறு பக்கங்கள் முடிந்தன. தலைவர் நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்தவர். பாவில் ஓர் இழை அறுந்தால் விளக்கின் துணையின்றி விரலாலேயே கண்டு முடிந்துவிடுவார். நாணயத்தில் அப்பழுக்கற்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அல்லர்.

“என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா, ஐயா?” என்று கேட்டோம்.

“கூட்டத்துல பேசினதைத்தானே சார் எழுதியிருப்பாக” என்றார்.

அந்த ஆறு பக்கங்களுள் ஒன்றில், தேங்கிக் கிடந்த சேலைகளை அடக்க விலைக்கும் குறைவாக ஒரு வியாபாரிக்குக் கடனுக்குக் கொடுப்பதென்று ஒரு தீர்மானம் இருந்தது. சற்று முன் நடந்த கூட்டத்தில் அதனை எதிர்த்துப் பேசியவரே தலைவர்தாம். ஆனால் புத்தகத்திலோ, ‘தலைவர் முன்மொழிய, ஏகமனதாக நிறைவேறிற்று’ என்று காணப்பட்டது. நாம் அதனை உரக்கப் படித்தபோது அவர் முகம் வெளிறியது இன்றும் நம் கண்முன் நிற்கிறது. அன்றைய தீர்மானம் திருத்தி எழுதப்பட்டது. ஆனால் நாம் அருகில் இல்லாத மாதங்களில் விரல் காட்டிய இடங்களில் விழுந்த கையெழுத்துக்கள் பல. அவற்றின் பயனைத் தணிக்கை வெளிக்கொணர்ந்தது. இத்தகைய நட்டத்திற்குத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் 87ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை விதிக்க இடமுண்டு. கையெழுத்திட்டவர் தம் சொந்தப் பொருளிலிருந்து ஈடு செய்ய நேரிடலாம். ஒரு காசும் தொடாத மனிதர், தறியையும் வீட்டையும் நினைத்து இரவெல்லாம் உறங்காதிருந்தார்.

இதைப் படிக்கும் அன்பர் ஒருவர், “தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டால் போதுமே, இதற்கும் பரந்த படிப்புக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. படிக்கும் வழக்கமே இல்லாதவருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தொகையை நீட்டினால் அது எறும்புச் சாரையாகத்தான் தோன்றும். நாள்தோறும் எதையேனும் படித்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்குத்தான், ‘இந்த வரி ஏன் இங்கு வந்தது?’ என்ற ஐயம் எழும். அன்றியும், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பொருள் வேண்டும். தம் சங்கத்தின் கணக்கைத் தவிர வேறு எதனையும் அறியாதவர் அது நல்லதா கெட்டதா என்று எதனோடு ஒப்பிடுவார்?

இவ்விடத்தில் நம் வட்டாரத்தில் அடிக்கடி வீசப்படும் வாதம் ஒன்றைச் சந்தித்தாக வேண்டும். “காமராசர் என்ன படித்தார்? நாட்டை ஆளவில்லையா?” என்பது அது. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் மகாசபையிலும் இதனைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க விருதுநகரில் 1903ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமன் துணிக்கடையில் உட்கார்ந்தார். இதுவரை எல்லோரும் சொல்வர். இதற்கு மேல் சொல்பவர் அரியர். கடையில் இருந்த அந்தச் சிறுவன் நாள்தோறும் செய்தித்தாள் படித்தே நாட்டு நடப்பில் நாட்டம் கொண்டான். 1930இல் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றது தொடங்கி, பல தவணைகளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையிற் கழித்தார். அக்காலத்தையே அவர் நூல்களைப் படித்துத் தம்மைத் தாமே பயிற்றிக்கொள்ளும் பள்ளியாக ஆக்கிக்கொண்டார். ஆகவே, அவர் விட்டது பள்ளியை, படிப்பை அன்று. இந்த வேற்றுமையை மறைத்துவிட்டு அவர் பெயரைத் தம் சோம்பலுக்குக் கேடயமாகப் பிடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மற்றொன்றும் உண்டு. 1941இல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தவர் அப்பதவியைத் துறந்தார். தம்மால் முழுக் கவனம் செலுத்த இயலாத நாற்காலியில் அமர அவர் உடன்படவில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்ததும், 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் யாவரும் அறிந்தவை. தமக்குக் கிட்டாத பள்ளியைப் பிறருக்குத் திறந்தவரை, ‘படியாமலே ஆண்டவர்’ என்று மட்டும் சொல்லி முடிப்பது பெரிய அநியாயம்.

இனி, நெசவாளர்களையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர் கம்பளித் துணிக்கும் பருத்தித் துணிக்கும் பேர்போனது. 1844 டிசம்பர் 21ஆம் நாள், அவ்வூர்த் தோட் லேன் தெருவில் இருபத்தெட்டுப் பேர் கூடி ஒரு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். முதலீடு 28 பவுன். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி இவையே சரக்கு. அன்று மாலை தெருப்பிள்ளைகள் நின்று எள்ளி நகையாடினர் என்பர். இந்தக் கதை கூட்டுறவுப் பயிற்சி வகுப்புக்குச் சென்று வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் பயிற்சி வகுப்புக்களிலே விரைவாகக் கடந்து செல்லும் ஒரு பகுதியே நமக்கு முக்கியமானது.

அவர்களுக்கு முன்பே அதே தெருவில் 1833இல் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டிருந்தது. அது இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. கடனுக்குச் சரக்குக் கொடுத்ததே அதன் முடிவுக்குக் காரணமாயிற்று. புதிய கடையினர் அப்பாடத்தை மறவாமல், ரொக்கத்துக்கு மட்டுமே விற்பதென விதி செய்துகொண்டனர். இன்னும் சற்று முன்னே சென்றால், 1828 முதல் 1830 வரை பிரைட்டன் நகரத்து மருத்துவர் வில்லியம் கிங் என்பவர் ‘கூட்டுறவாளர்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு மாத இதழ் நடத்தினார். விலை ஒரு பென்னி. வந்தவை மொத்தம் இருபத்தெட்டு இதழ்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இவ்விதழின் மூத்த அண்ணன் என்று அதனைச் சொல்லலாம். கடைகள் பல தோற்றன. எண்ணம் மட்டும் அச்சேறிய தாளில் உயிரோடு இருந்தது.

ராச்டேல் சங்கத்தார் சில ஆண்டுகளிலேயே கடையின் மாடியில் ஒரு படிப்பகம் ஏற்படுத்தினர். கீழே மாவும் சர்க்கரையும். மேலே செய்தித்தாளும் புத்தகமும். பிறகு லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்குவதென்று விதியே செய்துவிட்டனர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான நூல்களும் பல கிளைப் படிப்பகங்களும் அச்சங்கத்திற்கு உரியவையாயின. பசியோடு இருந்த நெசவாளர்கள் லாபத்தில் ஒரு பகுதியை ஏன் புத்தகத்திற்குக் கொடுத்தார்கள்? ஒரு தலைவர் ஓய்ந்தால் அவர் இடத்தில் அமர அறிவுடைய வேறொருவர் அங்கத்தினர் நடுவிலிருந்தே எழ வேண்டும் என்பதற்காகவே என்று நாம் கருதுகிறோம். இன்றும் நம் நாட்டுச் சங்கங்கள் நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. அதன் வேர் அந்த மாடியில் இருக்கிறது. நம் பக்கத்துத் தலைவர்களிற் சிலர் அதனை வேண்டாத வரியாக எண்ணி முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறோம்.

கரிசற்காட்டு விவசாய அங்கத்தினர்களுக்கு ஜெர்மனி தேசத்தின் கதை இன்னும் நெருக்கமானது. ரைஃபைசன் என்பவர் அங்கே ஒரு சிற்றூர்ப் பகுதியின் மேயர். 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்துப் பஞ்சத்தில் குடியானவர் வட்டிக்காரரிடம் சிக்கி நிலமிழப்பதைக் கண்டு மனம் பொறாமல் உதவிச் சங்கங்களை ஏற்படுத்தினார். 1864இல் ஹெட்டஸ்டார்ஃப் என்னும் ஊரில் அவர் அமைத்த கடன் சங்கமே, உலகெங்கும் உள்ள கிராமக் கடன் சங்கங்களுக்கு முன்மாதிரி. இவருக்கு இளமையிலேயே கண்நோய். பார்வை மங்கி மங்கி, 1865இல் மேயர் பதவியிலிருந்து ஓய்வு பெற நேர்ந்தது. மறு ஆண்டே, 1866இல், கடன் சங்கங்களை நடத்தும் முறை பற்றி அவரது நூல் வெளிவந்தது. கண் தெரியாதவர் எவ்வாறு எழுதினார்? அவர் சொல்லச் சொல்ல மகள் அமாலி எழுதினாள். வந்த கடிதங்களையும் அவளே படித்துக் காட்டினாள்.

அந்த முயற்சி நம் சென்னை மாகாணம் வரை வந்து சேர்ந்த வழியும் படிப்பின் வழியே. குடியானவர் கடன் தீர வழி காணுமாறு சென்னை அரசாங்கம் 1892இல் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. அவர் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள சங்கங்களை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரு பெரும் தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ரைஃபைசனைப் போன்ற ஒருவரை இங்கே கண்டெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூருக்கு அருகில் திரூரில் சங்கம் தோன்றியது. இன்று திருச்சுழியில் ஒருவர் பயிர்க்கடன் பெறுகிறார் என்றால், கண் மங்கிய ஒரு மனிதரின் நூலும், அதனை ஊன்றிப் படித்த ஓர் அதிகாரியின் உழைப்பும் அவர் கைக்குப் பின்னே நிற்கின்றன.

கண் மங்கிய மனிதர் என்றவுடன் நம் நெசவாளர் சங்கத் தலைவரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. தணிக்கைக்குப் பின் ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நெடுநேரம் தயங்கிப் பின் உண்மையைச் சொன்னார். பத்து ஆண்டுகளாகவே அவருக்குக் கிட்டத்து எழுத்துத் தெரிவதில்லை. இழையை விரல் அறியும். எழுத்தை விரல் அறியாதே! கண்ணாடி போட்டால், ‘கண்ணு போச்சு, இனி நெய்ய மாட்டார்’ என்று ஊர் சொல்லும் என்ற அச்சம். ஆக, கூட்டுறவுச் சட்டமும் தண்டத்தீர்வையும் ஒரு பக்கம் இருக்க, ஒரு மூக்குக் கண்ணாடி இல்லாமையால் ஒரு சங்கம் ஆபத்தில் விழ இருந்தது! பதினைந்து ஆண்டுகள் பள்ளியிலும் கல்லூரியிலும் உட்கார்ந்து பட்டம் பெற்ற நமக்கு, அவ்வளவு நாள் அவர் எதிரே உட்கார்ந்தும் இது தோன்றவில்லை.

ரைஃபைசனின் மகளைப் பற்றி அன்று அவருக்குச் சொன்னோம். அவர் பேத்தி எட்டாம் வகுப்பு மாணவி. வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டு அறிவதும் படிப்பேயாம். நம் வறண்ட சீமைக்கு இது புதிதன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் சாவடியில் ஊரைக் கூட்டி விராட பருவம் படிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்துவந்தது. ஒருவர் படிப்பார்; பொருள் சொல்வார்; நூறு பேர் கேட்பர். எழுத்தறியாத கிழவியும் பாண்டவர் மறைந்திருந்த ஆண்டின் வரலாற்றை வரிசை தவறாமல் சொல்லுவாள். மழைக்காகப் பாரதம் படித்த ஊரில், பயிர்க் காப்பீட்டுக்காக அரசாங்க அறிவிப்பைப் படித்துக் கேட்கக் கூடாதா?

வேடிக்கைக்காக இதனைச் சொல்லவில்லை. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரிப் பருவ உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் விவசாயி செலுத்தும் பங்கு அதிக அளவாக நூற்றுக்கு 2. ரபிப் பருவத்திற்கு ஒன்றரை. பருத்தி போன்ற பணப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5. வறட்சியால் விளைச்சல் குன்றும்போது ஒவ்வொருவர் புஞ்சையையும் தனித்தனியே பார்த்து இழப்பீடு கணக்கிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி விளைச்சல் வரம்புக்குக் கீழே போயிற்றா என்றே பார்ப்பர். ஆலங்கட்டி மழை போன்ற இடஞ்சார்ந்த சேதங்களுக்குத் தனி நிலத்தைக் கணக்கில் எடுப்பர். அதற்கும் குறித்த நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். இதனை முன்கூட்டிப் படித்தறிந்த தலைவர், பரிசோதனை நடக்கும் நாளில் வயலோரம் போய் நிற்பார். படியாத தலைவர், பக்கத்துப் பிர்க்காவுக்குப் பணம் வந்த பிறகு மறியலுக்கு ஆள் திரட்டுவார். இருவருக்கும் அங்கத்தினர் மீது அன்பு உண்டு. பணம் வாங்கித் தருவது முதலாமவர் படிப்பு.

நெசவாளருக்கும் இவ்வாறே. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கிய சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. ஒதுக்கப்பட்டவை முதலில் 22 வகை; பின்னர் 11ஆகக் குறைந்தன. அந்தப் பட்டியலைக் கேட்டால் வாயால் ஒப்பிக்கும் கைத்தறிச் சங்க நிர்வாகி எத்தனை பேர்? விசைத்தறி நம்மை விழுங்குகிறது என்று புலம்புவோர் பலர்.

சட்டமும் அறிவிப்பும் மட்டும் போதுமா என்றால், போதா. இது நம் உறுதியான கருத்து. நம் அலுவலக நண்பர்கள் சிலர் இதற்காக நம்மை எள்ளுவதும் உண்டு. கதைகளும் படிக்க வேண்டும். தொ. மு. சி. ரகுநாதன் 1953இல் வெளியிட்ட ‘பஞ்சும் பசியும்’ என்ற நாவல், நூல் தட்டுப்பாட்டில் அல்லற்பட்ட கைத்தறி நெசவாளர்களின் வாழ்வைச் சொல்வது. அதனைப் படித்த ஒரு நிர்வாகி, தவணை தவறிய அங்கத்தினரின் பெயரைப் பேரேட்டில் பார்க்கும்போது, அந்த வீட்டு அடுப்பையும் உடன் பார்ப்பார். தவணையைக் கேட்காமல் விடமாட்டார். ஆனால் கேட்கும் முறை வேறாக இருக்கும். தாம் வாழாத வாழ்வைத் தம் மனத்துக்குள் வாழ்ந்து பார்க்க வேறு வழி நாம் அறியோம்.

படித்தவர் எல்லாம் தலைவர் ஆகிவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. மேடையில் புத்தகப் பெயர்களை மாலை மாலையாகத் தொடுத்துவிட்டு, சரக்கு இருப்பை எண்ணச் சொன்னால் மறைந்துவிடும் அறிஞர்களையும் பார்த்திருக்கிறோம். தமக்குப் பிடித்த கட்சிப் பத்திரிகை ஒன்றையே காலையிலும் மாலையிலும் படிப்பவர் படிப்பும் ஒரு வகைக் குருட்டுத்தனமே.

நம் செருக்கை அடக்கியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மை அன்று. திருச்சுழிப் பக்கத்து வேளாண்மைக் கடன் சங்கம் ஒன்றில், உத்தியோகத்திற்கு வந்த புதிதில், ஒரு தீர்மானம் துணை விதிக்கு முரணானது என்று ஆட்சேபம் எழுதினோம். மல்லியும் பருத்தியும் போடும் மானாவாரி விவசாயி ஒருவர், குழு அங்கத்தினர், மெல்ல எழுந்து மஞ்சள் துணிப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து நம்முன் வைத்தார். அந்த விதி திருத்தப்பட்டு விட்டது. நாம் வைத்திருந்தது பழைய பிரதி! பொட்டலம் கட்டி வந்த தாளையும் விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவார் என்று அவரைப் பற்றி ஊரில் சொன்னார்கள். ஆட்சேபத்தை அடித்துக் கையெழுத்திட்டோம். திரும்பி வரும் வழியெல்லாம் வெயிலைக் காட்டிலும் வெட்கம் சுட்டது.

எங்கே போய்ப் படிப்பது என்ற கேள்விக்கு இடமில்லை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது, சீ. இரா. அரங்கநாதன் போன்றோரின் உழைப்பால் வந்தது. வீட்டுவரியோடு நாம் நூலகவரியும் செலுத்துகிறோம். செலுத்திய வரிக்குரிய சரக்கை எடுத்துக்கொள்ளாமல் வரும் வியாபாரி உலகத்தில் உண்டா? 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன நாடு இது. நம் சங்கங்கள் சிலவற்றிலும் கண்ணாடி பதித்த புத்தக அலமாரிகள் இருக்கின்றன. பூட்டும் இருக்கிறது. சாவி எவரிடம் என்று நாம் கேட்ட இடங்களில் எல்லாம், முந்தைய காரியதரிசியிடம் என்றே விடை வந்தது.

சேலைக் கடனில் ஒரு பகுதி வசூலாயிற்று. எஞ்சியது நடவடிக்கையில் இருக்கிறது. சென்ற முறை அச்சங்கத்திற்குச் சென்றபோது, குழுக் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. தீர்மானப் புத்தகம் தலைவர் முன் வைக்கப்பட்டது. காரியதரிசி வழக்கம்போல் விரலை வைத்தார். தலைவர் அந்த விரலை மெதுவாக எடுத்து அப்பால் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். முதற் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்கலானார். நான்காம் தீர்மானத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், அதன்மேல் வாதம் எழுந்தது, கழிக்கணக்கு எடுத்துவரப்பட்டது. மேசையின் ஓரத்தில், பேத்தி கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம் ஒன்று, நடுவில் ஒரு நூலிழை அடையாளமாக வைக்கப்பட்டுக் கிடந்தது. திருச்சுழிக்குப் போகும் கடைசிப் பேருந்தை அன்று நாம் தவறவிட்டோம்.